உங்கள் காரைக் கீறியது யார் தெரியுமா?

வெயிலில் உங்கள் கார் தகதகவென்று மின்னுகிறதே, அந்த மினுமினுப்பின் தடிமன் எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய 40 முதல் 50 மைக்ரான்தான்! நம் தலைமுடி ஒன்றே சராசரியாக 70 மைக்ரான் இருக்கும். தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, அதன்மேல் ப்ரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத ‘கிளியர் கோட்’. இந்த நான்கையும் சேர்த்து அளந்தால்கூடப் பொதுவாக 100 முதல் 150 மைக்ரானுக்குள் முடிந்துவிடும். நிறம் வெளுக்காமல் புற ஊதாக் கதிரைத் தாங்குவதும், கண்ணைப் பறிக்கும் பளபளப்பைத் தருவதும் முடியைவிட மெல்லிய அந்த மேல் படலம்தான்!

அதைக் கீறுவது யார்? சாலையில் தெறிக்கும் ஜல்லியா? உரசிப் போகும் பைக்கா? அதெல்லாம் எப்போதாவது நடப்பது. வாரம் தவறாமல், சில வீடுகளில் நாள் தவறாமல் அதைக் கீறிக்கொண்டே இருப்பது, ஆசை ஆசையாகக் காரைத் துடைக்கிற கைதான்!

நம்ப முடியவில்லையா? பானெட்டின் மேல் படிந்திருக்கும் தூசியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மண்ணும் மணலும். மணலின் முக்கியப் பொருள் குவார்ட்ஸ் என்ற கனிமம். ஜெர்மானியக் கனிமவியலாளர் ஃபிரீட்ரிக் மோஸ் 1812-ல் கனிமங்களின் கடினத்தன்மைக்கு ஓர் அளவுகோல் வகுத்தார். அதில் வைரத்துக்கு 10, டால்க் கல்லுக்கு 1. குவார்ட்ஸுக்கு எவ்வளவு தெரியுமா? 7! ஜன்னல் கண்ணாடியே சுமார் 5.5தான். கண்ணாடியைக் கீறும் வலு உள்ள துகளை உலர்ந்த துணிக்கு அடியில் வைத்து, பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்த கிளியர் கோட்டின் மேல் அழுத்தித் தேய்த்தால் என்ன ஆகும்? காலையில் வண்டியை எடுக்கும் முன் ‘சும்மா ஒரு தட்டு’ தட்டுகிறோமே, அதுதான் கார் பராமரிப்பில் நாம் செய்கிற ஆகப்பெரிய தவறு. டிக்கியில் கிடக்கும் நீளக்கைப்பிடித் தூசித் தட்டியும் இதற்கு விதிவிலக்கல்ல.

இன்னொரு விந்தை! கருப்புக் காரின் மேல் சூரியன் பிரதிபலிக்கும் இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போல வட்ட வட்டமாகக் கோடுகள் தெரியும். டீட்டெயிலிங் கடைகளில் இதைச் ‘ஸ்வர்ல் மார்க்’ என்பார்கள். அந்த வட்டங்கள் உண்மையில் அங்கே இல்லவே இல்லை, தெரியுமா? கீறல்கள் எல்லாத் திசைகளிலும் தாறுமாறாகத்தான் ஓடுகின்றன. ஒளிப் புள்ளியைச் சுற்றி வளைவது போல் அமைந்த கீறல்கள் மட்டும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகின்றன, மற்றவை தெரிவதில்லை. தலையைக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள், வட்டமும் கூடவே நகரும்! அப்படியானால், கண்ணுக்குத் தெரிவதைவிடத் தெரியாத கீறல்களே அதிகம் என்றல்லவா ஆகிறது?

பாலிஷ் போட்டால் போய்விடும் என்பார்கள். போகும். ஆனால் எப்படி? ரப்பிங் பாலிஷ் கீறலை நிரப்புவதில்லை. கீறலின் ஆழம் வரைக்கும் சுற்றியுள்ள கிளியர் கோட்டையே சீவி எடுக்கிறது! இருப்பதே 50 மைக்ரான். சர்வீஸுக்கு விடும் போதெல்லாம் ‘ரப்பிங் போட்டுக் குடுங்க’ என்று சொல்கிறவர்கள் தங்கள் கையிருப்பைத் தாங்களே கரைக்கிறார்கள். படலம் மெலிந்த இடத்தில் வெயில் நேரே நிறத்தைத் தாக்கும். சில ஆண்டுகளில் கூரையும் பானெட்டும் தோலுரியத் தொடங்கும். தெருவில் இப்படித் திட்டுத் திட்டாக வெளுத்த கார்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

சரி, எப்படித்தான் கழுவுவது? முதலில் தண்ணீர், பிறகுதான் கை. துணி படுவதற்கு முன்பே தூசியும் சேறும் ஊறி வழிந்து இறங்கிவிட வேண்டும். கழுவுவது எப்போதும் மேலிருந்து கீழே. கூரையில் ஆரம்பித்து, மண் அதிகம் அப்பியிருக்கும் கதவின் அடிப்பகுதியில் முடிக்க வேண்டும். முக்கியமான ரகசியம் இரண்டு வாளி! ஒன்றில் ஷாம்பூ கரைசல், மற்றதில் வெறும் தண்ணீர். அழுக்குத் துணியை வெறும் தண்ணீரில் அலசிய பிறகே ஷாம்பூவில் முக்க வேண்டும். ஒரே வாளி என்றால், கூரையிலிருந்து எடுத்த மணலை அப்படியே கதவில் தேய்க்கிறோம். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒரு வாளியும் ஒரு துணியுமாக வரிசையாகப் பல கார்களைத் துடைக்கும் தொழிலாளியைக் குறை சொல்லிப் பயனில்லை. உங்கள் காருக்கென்று இன்னொரு வாளியும் இரண்டு மைக்ரோஃபைபர் துணியும் வாங்கிக் கொடுங்கள். உங்களுக்கும் நல்லது, அவர் வேலையும் எளிதாகும்.

மைக்ரோஃபைபர் என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்த மெல்லிழை நுட்பத்துக்கு வழிதிறந்தவர் ஜப்பானின் டோரே நிறுவனத்து விஞ்ஞானி மியோஷி ஒகாமோட்டோ. 1970-ல் அதைக் கொண்டு செயற்கை ஸ்வேட் துணியை உருவாக்கினார்! துணிக்கு மணமூட்டும் ஃபேப்ரிக் சாஃப்ட்னரில் மட்டும் மைக்ரோஃபைபர் துணியை அலசிவிடாதீர்கள். இழைகளின் மேல் பூச்சாகப் படிந்து, உறிஞ்சும் தன்மையைக் குறைத்துவிடும். கீழே விழுந்த துணியை, எவ்வளவு உதறினாலும், அன்றைக்குக் காரின் மேல் வைக்கவே கூடாது.

பாத்திரம் தேய்க்கும் திரவத்தால் கார் கழுவுகிறீர்களா? எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்கென்றே செய்யப்பட்டது அது. நீங்கள் காசு கொடுத்துப் போட்ட வேக்ஸையும் சேர்த்தே எடுத்துவிடும்! பல வேக்ஸ்களில் இருப்பது, வடகிழக்குப் பிரேசிலில் வளரும் கார்னாபா என்ற பனை வகையின் ஓலையிலிருந்து வருகிற மெழுகு. உருகவே 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். வெயிலுக்கு அசையாத அந்த மெழுகை மலிவான சோப்பு தேய்த்து எடுத்துவிடுகிறது. துணி துவைக்கும் பவுடரோ இன்னும் மோசம். கரையாத ஒவ்வொரு குருணையும் ஒரு கீறல்.

உச்சி வெயிலில் நின்ற காரின் பானெட் 60 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும், தெரியுமா? அதன்மேல் போர் தண்ணீரை ஊற்றினால் துடைப்பதற்குள் ஆவியாகி, கால்சியமும் மெக்னீசியமும் வெள்ளைப் புள்ளிகளாக ஒட்டிக்கொள்ளும். அன்றே நீர்த்த வினிகரால் துடைத்து அலசினால் பெரும்பாலும் போய்விடும். நாள் கடந்தால் புள்ளி படலத்துக்குள்ளேயே பதிந்துவிடும். அதிகாலையோ சாயங்காலமோ, நிழலில் கழுவுங்கள்.

காக்கை எச்சத்தில் யூரிக் அமிலம் இருப்பது பலருக்குத் தெரியும். தெரியாத சேதி ஒன்று உண்டு! வெயிலில் கிளியர் கோட் சற்றே இளகி விரிகிறது; இரவில் சுருங்கி இறுகும்போது காய்ந்த எச்சத்தின் சொரசொரப்பை அப்படியே அச்செடுத்துக்கொள்கிறது. எச்சத்தை எடுத்த பிறகும் அங்கே மங்கல் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதைச் சுரண்டாமல், ஈரத் துணியைப் போட்டு ஊறவைத்து எடுக்க வேண்டும். மரத்தடியில் நிறுத்தினால் பிசுபிசுவென்று ஒட்டுகிறதே, அது பல நேரம் மரத்தின் பாலே அல்ல. இலையில் இருக்கும் அசுவினியும் மாவுப்பூச்சியும் வெளியேற்றும் இனிப்பு நீர்! விட்டால் அதன்மேல் கரும்பூஞ்சை வளரும்.

ஆயுத பூஜைக்குக் காருக்குப் பொட்டு வைக்காத வீடு உண்டா? தாராளமாக வையுங்கள். குங்குமமும் மஞ்சளும் நாட்கணக்கில் வெயிலில் காய்ந்தால் வெள்ளைக் காரில் கறை தங்கிவிடக்கூடும் என்பதால், பெயிண்டில் வைக்காமல் முன்கண்ணாடியின் ஓரத்திலோ நம்பர் பிளேட்டுக்கு மேலுள்ள பிளாஸ்டிக்கிலோ வைக்கலாம். காய்ந்த விபூதியையும் சந்தனத்தையும் தண்ணீர் தெளிக்காமல் துடைக்க வேண்டாம்.

மஞ்சளித்த ஹெட்லைட்டுக்குப் பற்பசை? தேய்த்ததும் தெளிவாகிவிடும், உண்மைதான். ஆனால் பாலிகார்பனேட்டின் மேல் மிச்சமிருக்கும் புற ஊதாக் காப்புப் பூச்சும் சேர்ந்து போய், விரைவிலேயே பழையபடி மஞ்சளிக்கும்.

தண்ணீரை மறக்க முடியுமா? 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம், குடிநீரால் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது! குழாயைத் திறந்துவிட்டுக் கழுவும் பழக்கம் எந்த ஊருக்கும் கட்டுப்படியாகாது. கைத்தெளிப்பானால் ஊறவைத்துவிட்டு இரண்டு மூன்று வாளியில் ஒரு சின்னக் காரை அழகாக முடிக்கலாம்.

உள்ளே வாருங்கள். முன்சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் தெரிகிறதா? பல கார்களில் அது ஏர்பேக் தொடர்பான வயரிங். அது நனையக் கூடாது என்பதால், தரைவிரிப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவும் கடைக்காரரிடம் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். டாஷ்போர்டு பாலிஷைப் பெடலிலும் ஸ்டீயரிங்கிலும் தடவவே கூடாது. வழுக்கினால் உயிருக்கே ஆபத்து. டயர் பளபளப்பூட்டியும் பக்கச்சுவரோடு நிற்கட்டும், சாலையைத் தொடும் பகுதிக்கு வேண்டாம்.

கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடிவதற்கென்றே சின்னத் துளைகள் இருப்பது தெரியுமா? இலைச் சருகும் மண்ணும் அவற்றை அடைத்தால், கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குச்சியால் அடைப்பை எடுத்துவிடுங்கள்.

கழுவிய மறுநாள் காலை பிரேக் டிஸ்க்கில் செம்பழுப்பாகத் துரு தெரிந்தால் பதற வேண்டாம், சில முறை பிரேக் பிடித்தாலே அது தேய்ந்து போய்விடும். கழுவிய உடனே கிளம்புவதென்றால் மட்டும் கவனம் தேவை. ஈர டிஸ்க் முதல் மிதியில் முழுசாகப் பிடிக்காது. தெருமுனை வரை மெதுவாகச் சென்று, பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு இரண்டு மூன்று முறை பிரேக்கை மிதித்துக் காயவிட்ட பிறகு வேகமெடுங்கள்.