முதுமையில் மறையும் நடுப்பார்வை

முதியவர் ஒருவர்க்குக் கண் மங்கியது என்றவுடன் நம் சிற்றூர்களில் எவரும் நினைப்பது கண்புரையையே. மண்ணாடிப்பட்டுக் கொம்யூன் போன்ற சிற்றூர்ப் பகுதிகளில், 'புரை முற்றட்டும், முகாம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று காலம் கடத்துவோர் இன்றும் உளர். புரையால் மறைந்த பார்வையைப் பிந்திச் செய்யும் அறுவையாலும் பெரும்பாலும் மீட்டுவிடலாம். முதுமைசார் விழிப்புள்ளிச் சிதைவு அத்தகையதன்று.

பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே காட்சி தோன்றுகிறது என்று 11ஆம் நூற்றாண்டிலேயே விளக்கியவர் இப்னுல் ஹைதம். எனினும் காட்சியை உணரும் இடம் கண்வில்லையே என அப்பேரறிஞர் கருதினார். அது விழித்திரையே என்பது பின்னாளில் தெளிவாயிற்று. அவ்விழித்திரையின் நடுவில் ஏறத்தாழ 5 மி.மீ. அகலமே உள்ள மஞ்சள் புள்ளிதான் எழுத்தையும் முகத்தையும் நுணுகிக் காண உதவுவது.

ஐம்பது வயதுக்குமேல் சிலர்க்கு இப்புள்ளியின் அடியில் கழிவுப் படிவுகள் சேர்ந்து, அணுக்கள் மெல்ல நலிகின்றன. இது உலர் வகை. புதிய குருதிக் குழாய்கள் தாறுமாறாக முளைத்துக் கசிவது ஈர வகை. இது சில வாரங்களிலேயே பார்வையைக் குலைத்துவிடும். புகைப்பழக்கம் இரண்டிற்கும் துணைபோகிறது.

ஓரப்பார்வை எஞ்சியிருப்பதால் பள்ளிவாசலுக்குத் தடுமாறாது நடந்து செல்லும் பெரியவர், எதிரில் நின்று ஸலாம் உரைப்பவரின் முகத்தை அறியார். குர்ஆன் ஓத அமர்ந்தால், நோக்கும் எழுத்து மறைந்து சுற்றியுள்ளவை தெரியும். 'வழி தெரிகிறது, ஆள் மட்டும் தெரியவில்லையோ?' என்று வீட்டார் கடிந்துகொள்வர். பாவம், அவர் நடிக்கவில்லை, செருக்கும் கொள்ளவில்லை.

ஒரு கண்ணின் குறையை மறுகண் ஈடுசெய்துவிடும். ஆதலால் ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு கதவின் நிலைக்காலை நோக்க வேண்டும். நேர்கோடு வளைந்து தோன்றினாலோ, நடுவே கறைபோல் மறைத்தாலோ முகாமுக்காகக் காத்திருத்தல் கூடாது. விழித்திரையைச் சோதிக்கப் புதுச்சேரியில் ஜிப்மர் உண்டு. தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை உண்டு.

ஈர வகைக்கு ரானிபிசுமாப் என்னும் மருந்து 2006இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. குடற்புற்றுக்கென வந்த பெவாசிசுமாப் விலை குறைந்ததாகையால் அதையும் மருத்துவர்கள் கையாள்கின்றனர். கண்ணுள் செலுத்தும் இவ்வூசிகள் கசிவை அடக்கி, எஞ்சிய பார்வையைக் காக்கின்றன. சிலர்க்குச் சிறிது மீட்டும் தருகின்றன. ஓர் ஊசியோடு முடிவதுமில்லை. மருத்துவர் குறிக்கும் இடைவெளியில் மீண்டும் மீண்டும் செல்ல வேண்டும். சோதனைக்குமுன் கண்பாவையை விரிக்க விடும் சொட்டு மருந்தால் சில மணி நேரம் பார்வை மங்கியிருக்கும்; முதியவர் தனியே பேருந்தேறித் திரும்ப இயலாது. வீட்டு இளைஞர் ஒருவர் உடன் செல்லல் வேண்டும்.