வைப்பாற்றங்கரையில் ஒரு புதைந்த ஊர்

கான்சாபுரத்தை ஒட்டிய மலையில் பெய்யும் மழை அர்ச்சுனா நதியாக ஓடி, இருக்கன்குடியில் வைப்பாற்றோடு சேர்கிறது. அதே வைப்பாற்றின் வடகரையில், வெம்பக்கோட்டையை அடுத்த விஜயகரிசல்குளத்தில், சுமார் 25 ஏக்கரில் ஒரு மேடு இருக்கிறது. மேட்டுக்காடு என்பார்கள். அதற்கடியில் கிடக்கும் பழைய ஊரை 2022 மார்ச்சில் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழத் தொடங்கியது. 2023லும் 2024லும் அடுத்த கட்டப் பணிகள் நடந்தன.

மண்வெட்டிக்கு முன்னால் இங்கே இறங்குவது நூலும் முளைக்குச்சியும்தான். மேட்டைச் சதுரங்களாகப் பிரிக்கிறார்கள். சதுரங்களுக்கு நடுவே வெட்டாத மண்ணைச் சுவராக விட்டுவைக்கிறார்கள். குழி இறங்க இறங்க அந்தச் சுவரில் அடுக்கடுக்காக மண் நிறம் மாறும். கீழடுக்கு முந்தியது, மேலடுக்கு பிந்தியது. எலிவளையோ பிற்காலக் குழியோ குறுக்கிட்டிருந்தால் இந்தக் கணக்கு புரண்டுவிடும். அதனால் மண்ணின் நிறம் லேசாக மாறினாலும் கையை நிறுத்திப் பார்க்கிறார்கள். வெட்டிய மண் சல்லடைக்குப் போகிறது. கடுகளவுக் கண்ணாடி மணி அங்கேதான் சிக்கும். கிடைத்த ஒவ்வொன்றோடும் குழி எண், அடுக்கு, ஆழம் எழுதிய சீட்டு போகிறது. என்னைக் கேட்டால், பொருளைவிட அந்தச் சீட்டுதான் பெரிது.

சங்கு வளையலையே எடுத்துக்கொள்வோம். வளையல் மட்டும் கிடைத்தால், யாரோ வெளியூரில் வாங்கி வந்தது என்று சொல்லிவிடலாம். அறுத்த சங்கும், பாதியில் நின்ற வளையலும், கழித்துப் போட்ட துண்டுகளும் கூடவே கிடைத்தால் வளையல் அறுத்தவர்கள் அங்கேயே உட்கார்ந்து வேலை பார்த்தார்கள் என்று ஆகிறது. வெம்பக்கோட்டையில் அப்படித்தான் ஆயிற்று. மன்னார் வளைகுடாச் சங்கு உள்நாட்டுக் கரிசல் பூமிக்கு வந்து வளையலாகியிருக்கிறது! 2024ல் திமில் காளை பொறித்த சூதுபவளக் கல் ஒன்றும் கிடைத்தது. சூதுபவளம் குஜராத் பக்கத்துக் கல். தந்தப் பகடை, தக்களி, வட்டுச்சில்லு, தங்க அணிகலன், நுண்கற்கருவிகள் என்று பட்டியல் நீள்கிறது.

உங்கள் தோட்டத்தில் உழும்போது கருப்பு சிவப்பு ஓடோ முதுமக்கள் தாழியின் விளிம்போ தட்டுப்பட்டால், பெயர்த்தெடுக்காமல் மண்ணை மூடிவிட்டுக் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். எந்த அடுக்கில் இருந்தது என்பதை அதை எடுத்த பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது.