சட்டைப் பைக்குள் போன 200 ரூபாய்

சாயங்கால நேரம், டிபன் கடையில் நல்ல கூட்டம். 180 ரூபாய்க்குச் சாப்பிட்டுவிட்டு 200 ரூபாய்த் தாளை நீட்டுகிறீர்கள். கல்லாவில் நிற்கும் பையன் பில் போடவில்லை. இரண்டு பத்து ரூபாயை எடுத்துத் தருகிறான். உங்கள் தாள் அவன் சட்டைப் பைக்குள் போகிறது. பின்னால் நிற்பவர் முழங்கையால் இடிக்கிறார். வெளியே வந்து வண்டியைக் கிளப்பும்போதுதான் உறைக்கிறது. திரும்பிப் போய் முதலாளியிடம் சொல்வதா, நமக்கென்ன என்று கிளம்புவதா?

நீங்கள் பார்த்தது தாள் பைக்குள் போனதை மட்டும்தான். சில்லறை தீர்ந்ததால் தன் கைக்காசைக் கல்லாவில் போட்டுவிட்டு, அதற்கு ஈடாகத் தாளை எடுத்திருக்கலாம். ‘சின்ன வியாபாரத்துக்கெல்லாம் பில் போடாதே’ என்று முதலாளியே சொல்லி வைத்திருக்கலாம். அப்படியானால் அங்கே ஏய்க்கப்படுவது வரி. பையன் சொன்னதைச் செய்கிறான், அவ்வளவுதான். 200 ரூபாய்க்குக் குறைந்த விற்பனையில், வாங்குபவர் கேட்காவிட்டால் தனி பில் போடாமல் அன்றைய விற்பனையை மொத்தமாக ஒரே பில்லில் காட்ட ஜிஎஸ்டி சட்டமும் இடம் கொடுக்கிறது. அவன் எடுத்தும் இருக்கலாம். வாசலில் நின்று யோசித்து இதைத் தீர்க்க முடியாது.

தீர்க்கக்கூடிய இடம் கல்லா முன்னால்தான் இருந்தது. “தம்பி, பில்லு?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், எடுக்க நினைத்தவனுக்கு வழி அடைபட்டிருக்கும், எடுக்காதவன் மீது சந்தேகமும் விழுந்திருக்காது. நம் ஊரில் பில் கேட்பவரைக் கஞ்சன் மாதிரி பார்ப்பார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும். கேட்டும் தராவிட்டால் அது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

சின்னத் தொகைதானே என்று யார்மீதும் லேசாகத் திருட்டுப் பழி சொல்லிவிடக் கூடாது. 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதல்முறை திருடியவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை என்கிறது தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு. ஆனால் ஊழியர் தன் முதலாளியின் உடைமையைத் திருடினால் 306ஆம் பிரிவு. ஏழு ஆண்டு வரை சிறை, தொகை எவ்வளவு என்ற வரம்பே அதில் இல்லை. நடைமுறையில் போலீஸ் வரை போவது குறைவு. ‘நாளையிலிருந்து வராதே’ என்று ஒரே வரியில் முடிந்துவிடும், மாதச் சம்பளமும் நின்றுவிடும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் (1947) அப்படிச் செய்ய விடவில்லை. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை, ஒழுங்கீனம் என்று சொல்லி நோட்டீஸ் இல்லாமல் நீக்க வேண்டுமானால் விசாரணை நடத்தி ஆதாரத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். நீக்கப்பட்டவர் மேல்முறையீடும் செய்யலாம். கல்லாவில் நிற்கும் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கண்ணெதிரே இப்படிப்பட்ட குற்றம் நடந்தால் தனி ஆளும் பிடிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் தாமதிக்காமல், அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். குடோனில் பூட்டி வைத்து ‘எடுத்தேன்னு எழுதிக் கொடு’ என்று மிரட்டினால், பூட்டியவர்மீதே வழக்கு வரும்.

கடை ஊழியரின் இப்படிப்பட்ட திருட்டைப் போலீஸில் சொல்லியே ஆக வேண்டும் என்று வாடிக்கையாளருக்குச் சட்டக் கட்டாயம் இல்லை. மனசாட்சி உறுத்தினால் முதலாளியிடமோ மேலாளரிடமோ தனியாகச் சொல்லுங்கள். “இத்தனை மணிக்குப் பணம் கொடுத்தேன், பில் வரவில்லை, தாளைப் பையில் வைத்தார்” என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கேமரா இருந்தால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு சொல்லும் புகாரை அவதூறுச் சட்டம் விலக்கி வைக்கிறது. அதையே வீடியோ எடுத்து, ‘திருடன்’ என்று தலைப்புப் போட்டு வாட்ஸ்அப்பில் விட்டால், அதே சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு உங்கள் பக்கம் திரும்பலாம். இரண்டு ஆண்டு வரை சிறை.

ரொக்கம் இல்லாமல் கியூஆரில் பணம் கொடுத்தால் விவகாரம் கொஞ்சம் வேறு. ஸ்கேன் செய்ததும் கடைப் பெயருக்குப் பதில் ஒரு தனி ஆளின் பெயர் வந்தால், பணம் அனுப்பும் முன்பே “இது யாரோட கணக்கு?” என்று கேட்டுவிடலாம். முதலாளி பெயராகவே கூட இருக்கும். அனுப்பிவிட்டீர்களா? பரிவர்த்தனை எண்ணோடு பதிவு உங்கள் போனில் இருக்கிறது. ரொக்கத்தில் அது கிடைக்காது.

காசு வாங்கிக்கொண்டு சீட்டு கொடுக்காத விவகாரத்தில் 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கு உண்டு. ஹரியானா அரசுப் பேருந்தைப் பறக்கும் படை சோதித்தபோது, இறங்கிக்கொண்டிருந்த 11 பயணிகள் கட்டணம் கொடுத்தும் டிக்கெட் இல்லாமல் இருந்தார்கள். நடத்துநருக்கு வேலை போனது. அந்தப் பயணிகளில் ஒருவரின் வாக்குமூலமும் பதிவாகவில்லை. கீழ் நீதிமன்றங்கள் நடத்துநர் பக்கம் நின்றன. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், துறை விசாரணைக்கு ஏதாவது ஓர் ஆதாரம் இருந்தால் போதும், சோதனை அதிகாரியின் சாட்சியமே அப்படி ஓர் ஆதாரம்தான் என்று பணிநீக்கத்தை உறுதி செய்தார். காசைக் கொடுத்துவிட்டு டிக்கெட் இல்லாமல் இறங்கிய அந்த 11 பேர் இல்லாமலேயே வழக்கு டெல்லி வரை நடந்து முடிந்தது.