மலையேறிக் கற்ற பாடம்

2020 மார்ச்சில் கொவிட் நோயினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, சுகாதாரமும் உடற்கல்வியும் என்ற பாடமும் கைத்தொலைபேசிக்குள் புகுந்தது. ஹற்றன், நுவரெலியாத் தோட்டங்களில் சிக்னல் கிட்டாத லயத்துப் பிள்ளைகள் அதனைத் தேடி மேடேறினர். அந்த ஏற்றமே முதற் பயிற்சியாயிற்று!

5 முதல் 17 வயதினர் நாள்தோறும் சராசரி 60 நிமிடம் உடலை நன்கு இயக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். திரைமுன் அமர்ந்திருந்தால் அது நிறைவேறுமா? பாடம் திரையில், தேர்ச்சியோ உடம்பில். கற்பிக்கும் நாமும் இதனை அப்போதுதான் உணர்ந்தோம்.

நாள் முழுதும் கொழுந்து பறிக்கும் தாய்க்குப் பயிற்சி எதற்கு என்பர் சிலர். உழைப்பு வேறு, பயிற்சி வேறு. தலையில் பட்டியிட்டுக் கூடை சுமந்த கழுத்தும் முதுகும் நிமிர வேண்டாமா? மாலையில் ஐந்து நிமிடம் பிள்ளை அன்னைக்குக் கற்பிக்கட்டும். பரீட்சையோடு முடியாத கல்வி அதுவே.