14 வரிக்குள் ஒரு முற்றுகை: க்ளாட் மெக்கேயை வாசித்தல்

கவிதையைக் கூறுபோட்டுப் பங்குபிரிக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. கருப்பொருள் செயல்பாட்டாளர்களுக்கு, வடிவம் 'தூய இலக்கிய'க்காரர்களுக்கு. 'என்ன சொல்றான்கிறதுதான் முக்கியம், எப்படிச் சொன்னா என்ன?' என்பது ஒரு தரப்பு. 'இது வெறும் கோஷம்' என்பது மறுதரப்பு. சொல்லப்போனால் இரண்டுமே பிரதியை வாசிக்காமல் தப்பித்துக்கொள்கிற வழிகள்தான்.

க்ளாட் மெக்கேயின் 'இஃப் வி மஸ்ட் டை' கவிதையை எடுத்துக்கொள்வோம். ஜமைக்காவில் பிறந்து அமெரிக்கா சென்ற கறுப்பினக் கவிஞர் அவர். 1919 ஜூலையில் 'லிபரேட்டர்' இதழில் இது வெளியானபோது ரயிலின் உணவுப் பெட்டியில் பரிமாறுகிற தொழிலாளியாக இருந்தார். உடன் வேலைபார்த்தவர்களுக்கும் இதைப் படித்துக்காட்டினார். அமெரிக்க நகரங்களில் வெள்ளைக் கும்பல்கள் கறுப்பர்கள்மீது பாய்ந்த அந்த நாட்களுக்குச் 'சிவப்புக் கோடை' என்று பெயர். ஜூலை 27இல் சிகாகோவில் மூண்ட கலவரத்தில் மட்டும் 38 பேர் செத்தார்கள். அவர்களில் 23 பேர் கறுப்பர்கள்.

கவிதை ஷேக்ஸ்பியர் பாணி சானெட். 4, 4, 4, 2 என்று வரிகள் பிரிகின்றன. முதல் நான்கில் 'நாம்' பட்டியில் அடைபட்ட பன்றிகள் போல் செத்துவிடக் கூடாது என்கிற குரல்; சுற்றி நின்று குரைப்பவை நாய்கள். ஆக, இரு தரப்புமே மிருகப் படிமத்துக்குள்தான் இருக்கின்றன. அடுத்த நான்கில் எதிரி அரக்கனாகிறான், ஆனால் செத்த நம்மை மதித்தே தீரவேண்டியவனாகிறான். மூன்றாவதில் 'நாம்' உறவுகளாகிறோம். கடைசி இரண்டில் நாம் மனிதர்கள். எதிரி மட்டும் வேட்டைக்கூட்டமாக மிஞ்சுகிறான். மனிதன்/மிருகம் என்பது இனவெறி கட்டிவைத்த இருமை எதிர்வு. அதை 14 வரிக்குள் தலைகீழாக்கிவிடுகிறது பிரதி.

இலக்கணத்தையும் கவனியுங்கள். முதல் இரண்டு பகுதிகளும் 'சாகத்தான் வேண்டுமெனில்' என்று தொடங்குகின்றன. மூன்றாவதில் அந்த 'எனில்' காணாமல் போகிறது. சாக 'வேண்டும்' என்பது எதிரியைச் சந்திக்க 'வேண்டும்' என்றாகிறது. நிபந்தனை தீர்மானமாவது இந்த இடத்தில்தான்.

'சானெட் எஜமானனின் வடிவமாச்சே?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இங்கே அந்த இறுகிய சட்டகமே முற்றுகையாகிறது. சுவரோரம் நெருக்கப்பட்டவர்களின் குரலுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் எது? கறுப்பு, வெள்ளை என்ற சொற்கள் கவிதையில் எங்கும் இல்லை. ஆகவே நெருக்கப்படுகிற எவரும் அந்த 'நாம்' ஆகிவிட முடிகிறது.

எவருமா? அந்த மனிதர்கள் ஆண்கள். மானம் இங்கே ஆண்மையாகவே உருக்கொள்கிறது. அதே தெருக்களில் அதே கும்பலை எதிர்கொண்ட கறுப்பினப் பெண்கள் இந்த 'நாம்'-க்குள் இல்லை. பிரதியின் பலத்தைக் காட்டிய அதே படிமப் பாதைதான் அதன் விடுபடலையும் காட்டிக்கொடுக்கிறது. கருப்பொருளோடு நின்றுவிடுகிறவர்களுக்கு இரண்டுமே தட்டுப்படப்போவதில்லை.