கொலஸ்ட்ரால் டெஸ்ட்: வெறும் வயிறு கட்டாயமா? ரிப்போர்ட்டை எப்படிப் பார்ப்பது?

 

டாக்டர் எழுதிக் கொடுத்த கொலஸ்ட்ரால் டெஸ்டை மாதக்கணக்கில் எடுக்காமல் இருப்பவர்கள் நம்மில் பலர். கேட்டால், “வெறும் வயிற்றில் போக நேரம் அமையவில்லை” என்பார்கள். பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்த்து, இரவு இரண்டு மணிக்கு டீயும் பன்னும் சாப்பிடுபவருக்கு இது உண்மையான சிரமம்தான். ஆனால் கொலஸ்ட்ரால் கூடினால் பெரும்பாலும் எந்த அறிகுறியும் தெரியாது. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி, இந்தியாவில் வயது வந்தோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அது அதிகமாக உள்ளது.

டெஸ்டுக்கு முன்

இந்திய இதயவியல் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வழக்கமான பரிசோதனைக்கு வெறும் வயிறு கட்டாயமில்லை. சாப்பிட்டால் டிரைகிளிசரைடு என்ற கொழுப்புதான் முக்கியமாகக் கூடும். கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். அதிகம் மாறாது. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் வெறும் வயிற்றில் மறுபடி எடுக்கச் சொல்வார்கள். அப்போது 9 முதல் 12 மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் போதும். இது நோன்பு அல்ல. தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். டீ, காபி கூடாது.

வழக்கமான மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் பட்டினி இருக்கும் முன் டாக்டரிடம் கேளுங்கள். காய்ச்சலில் இருக்கும்போது எடுத்தால் அளவு குறைத்துக் காட்டலாம். வலீமா பிரியாணி சாப்பிட்ட கையோடும் போக வேண்டாம்.

ரமலானில் பலர் கேட்கும் சந்தேகம்: டெஸ்டுக்கு இரத்தம் எடுப்பதால் ஹனஃபி, ஷாஃபி இரு மத்ஹபுகளிலும் நோன்பு முறியாது.

ரிப்போர்ட் வந்த பின்

ஓர் உதாரணம்: மொத்தக் கொலஸ்ட்ரால் 210, நல்ல கொலஸ்ட்ரால் (எச்.டி.எல்.) 38, டிரைகிளிசரைடு 220, எல்.டி.எல். 128. எல்.டி.எல். 130 வரை பரவாயில்லை என்பது போலச் சில லேப்களில் அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடக் கூடாது. அந்தச் சங்கத்தின் அளவுப்படி, சாதாரண ஆளுக்கே எல்.டி.எல். 100-க்குக் கீழ் இருக்க வேண்டும். ஆபத்து அதிகம் உள்ளவருக்கு 70-க்குக் கீழ். சர்க்கரை நோயாளிகள் பலரும் இதில் வருவார்கள். மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவருக்கு 55-க்குக் கீழ். ஒரே 128, ஆளுக்கு ஆள் வேறு பொருள் தரும்.

இன்னொரு கணக்கும் உண்டு. மொத்தத்தில் நல்லதைக் கழியுங்கள்: 210-ல் 38 போனால் 172. இது சாதாரண ஆளுக்கு 130-க்குக் கீழ் இருக்க வேண்டும். டிரைகிளிசரைடு கூடியிருந்தால் டாக்டர்கள் இதை முக்கியமாகப் பார்ப்பார்கள்.

மாத்திரை சாப்பிடுபவருக்கு ரிப்போர்ட் நன்றாக வந்தால், மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம். இனி தேவையில்லை என்று அர்த்தமில்லை. டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் கொலஸ்ட்ரால் மறுபடி ஏறிவிடும்.

ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்திலும், மற்றவர்கள் அரசு மருத்துவமனையிலும் இந்த டெஸ்டைக் கேளுங்கள். செலவு தடையாக இருந்தால் டாக்டர் சீட்டுடன் ஜுமுஆவுக்குப் பின் நம் அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ் வழி செய்வோம்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன்.

– செயலாளர்