சினமும் நீரிழிவும்

நீரிழிவு உண்டென வைத்தியர் கூறியதும் பலருக்கு முதலில் எழுவது சினமே. “எனக்கேன் இது வந்தது?” என்று வெகுளுவர், சோற்றைக் குறைத்துப் படைக்கும் மனைவியையும் கடிந்துகொள்வர். இச்சினம் இயல்பானதே, இதற்காக நாணவேண்டியதில்லை. ஆயின், சினம் மூளும்போது அதிரீனலின் என்னும் சுரப்புக் குருதியிற் கலக்கின்றது. அதனால் ஈரல் தான் சேமித்துள்ள சர்க்கரையை வெளிவிடுகின்றது. நோயின்மேற் கொண்ட சினம் நோய்க்கே துணையாகின்றது.

ஏற்றுக்கொள்ளுதல் தோற்றுப்போதலன்று. 1922ஆம் ஆண்டு இன்சுலின் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு ஏற்றப்பட்டது. அதற்கு முன் இளமையிலே இந்நோய் கண்டோர் நெடுநாள் வாழ்ந்திலர். இன்று அத்தகையோர் முதுமை காண்கின்றனர். அளவாக உண்டு, நாள்தோறும் நடந்து, மருந்தைத் தவறாது கொள்வதே மெய்யான ஏற்பு. மனக்குறையை வீட்டாரிடம் ஆறுதலாகச் சொல்லுங்கள். நோய் நம்மோடு தங்கலாம். நம் நாவை அது ஆள விடலாகாது.